ஆறாம் எண் அறையில் ஏழு இரவுகள்

எங்கள் லாட்ஜில் காலை ஆறு மணிக்கு வெந்நீர் வந்துவிடும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் அப்படிச் சொல்லக்கூடிய லாட்ஜ் எங்களுடையது ஒன்றுதான். பதினோரு வருடமாக மேனேஜராக இருக்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. மற்றதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

என் பெயர் இராமகிருஷ்ணன். லாட்ஜில் எட்டு அறைகள். முதலாளி திருவல்லிக்கேணியில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வந்து பார்ப்பார். துப்புரவுக்கு பேபி என்ற அம்மா. நாற்பது வயது இருக்கும். சமையல் கிடையாது. பக்கத்து ஓட்டலிலிருந்து வாங்கிக்கொடுப்பேன்.

எங்களிடம் வருகிறவர்களில் ஒரு வகை உண்டு. அம்பத்தூர், ஆவடி பக்கத்துத் தொழிற்சாலைகளில் பயணச் சலுகை விடுப்பு எடுத்தவர்கள். கன்னியாகுமரி போவதாக எழுதிக்கொடுத்துக் கம்பெனியில் பயணப் பணம் வாங்கியிருப்பார்கள். போகமாட்டார்கள். வீட்டிலும் இருக்க முடியாது, யாராவது பார்த்துவிடுவார்கள். பத்து நாள் எங்களிடம் வந்து இருப்பார்கள். அறையை வெளியே பூட்டிவிடுவேன். பூட்டு தொங்கினால் ஆள் இல்லை என்று அர்த்தம். கிளம்பும்போது கையில் கொடுக்கச் சங்கும் கலர் மணலும் வாங்கி வைத்திருப்பேன். என்னிடமிருந்து கன்னியாகுமரி போன யாரும் இதுவரை மாட்டியதில்லை.

அந்தோணிராஜ் இதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தார். 1992 ஜூலை 24, வெள்ளிக்கிழமை. கோட்டு போட்டிருந்தார். இரண்டு சூட்கேஸ். கழுத்தில் வாடாத மாலை.

அவர் கொரட்டூர்க்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ஒரு பற்பொடிக் கம்பெனி நடத்திய விளம்பர வாசகப் போட்டிக்கு எழுதிப்போட்டிருந்தார். பரிசுக்குத் தேர்வானதாக மே மாதம் கடிதம் வந்தது. கூடவே முதல் பரிசைப் பற்றிய ஒரு சிறு புத்தகம். ஸ்பெயினில் பார்சிலோனா நகரம், ஒலிம்பிக் பார்க்கலாம், ஊர் நடுவே வாடகை குறைந்த ஒரு ஹோட்டலில் ஏழு இரவுகள். புத்தகத்தில் அந்த ஹோட்டலின் படங்கள். கடிதத்தில் என்ன பரிசு என்று எழுதியிருக்கவில்லை. புத்தகம் வந்ததால் அதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

தெருவில் பேனர் கட்டினார்கள். மாதாகோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அவர் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்தார். மகள் ஜெயசீலிக்கு இரண்டு வருடமாக அமையாத சம்பந்தம் அந்த மாதமே அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் பட்டாபிராமில் எல்லோரிடமும், பெண்ணுடைய அப்பா ஸ்பெயின் போகிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

ஜூலை 18ஆம் தேதி பரிசு வந்தது. ஒரு குடை.

குடையை யாருக்கும் தெரியாமல் சூட்கேஸின் அடியில் வைத்துவிட்டார். மனைவி சகாயம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. இருபத்தைந்து பேர் வேன் வைத்து மீனம்பாக்கம் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு மணி நேரம் கக்கூஸில் உட்கார்ந்திருந்தார். பிறகு வேறு வாசல் வழியாக வெளியே வந்து பஸ் பிடித்து என்னிடம் வந்துவிட்டார்.

"அண்ணாத்தே, ஏழு நாளு. வெள்ளிக்கெழம மத்தியானம் ஏர்போர்ட்டுல நான் நிக்கணும். அது வரிக்கும் ஒரு ஈ காக்கா என்னப் பாக்கக் கூடாது."

"பார்க்காது."

"எனக்கு டீக்கடைக்குப் போவாம இருக்க முடியாது. வாய் வேற சும்மா இருக்காது. நான் கால்ல வுழுந்து கெஞ்சினாலும் தொறக்காத. சொல்லு, தொறக்க மாட்டேன்னு சொல்லு."

கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி என் கையில் வைத்தார். நான் அந்த மதம் இல்லை. ஆனாலும் சொன்னேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

அந்தச் சிறு புத்தகத்தை அன்று மாலை என்னிடம் படிக்கக் கொடுத்தார். நான் பி.ஏ. ஆங்கிலம். முழுவதும் படித்தேன். சாதாரண ஹோட்டல்தான், ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு ஒழுங்கு இருந்தது. தினம் துண்டு மாற்றுவார்கள். காலை உணவு ஏழு மணி முதல். உள்முற்றத்தில் பூந்தொட்டிகள் வைத்து, விருந்தினர் உட்கார நாற்காலிகள். மழை பெய்தால் வரவேற்பு மேசையில் குடை கிடைக்கும். புறப்படும்போது விருந்தினர் தம் கருத்தை ஒரு புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகலாம். வாடகை குறைவு என்பதற்காக மரியாதை குறைய வேண்டியதில்லை என்பதை நான் வெகு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே நினைக்கிறவர்கள் வேறொரு ஊரில் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பியதும் எல்லோரும் அவரைக் கேள்வி கேட்பார்கள். என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்பார்கள். ஆகவே அங்கே நடப்பதுபோலவே நடத்துவது என்று முடிவு செய்தேன். ஆறாம் எண் அறைக் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும் கொண்டுபோனேன். ஆரஞ்சுப் பழம் கிடைக்கவில்லை. பொடி கரைத்தேன்.

"இன்னா சார் இது, உச்சி வெயிலு ஏறினப்புறம் டிபனா? வயிறு கபகபன்னு கீது."

"அங்கே இப்போதுதான் ஏழு."

"எங்க?"

"பார்சிலோனாவில்."

அவர் சிரித்தார். "ஐய, நீ என்ன வுடப் பெரிய ஆளா கீறியே. இட்லி கெடைக்குமா?"

"அந்த ஹோட்டலில் இட்லி இல்லை."

மறுபடியும் சிரித்தார். ரொட்டியைச் சாப்பிட்டார். மாலையில் பேப்பரிலிருந்து ஒலிம்பிக் செய்திகளைப் படித்துக்காட்டினேன். நேரில் பார்த்ததுபோல் சொல்லிப் பழகினார். நன்றாகவே சொன்னார். என் வாழ்க்கையில் நல்ல நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்தச் சனிக்கிழமையைச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வயிற்று வலி வந்தது. முதலில் தொப்புளைச் சுற்றி. பிறகு வலது பக்கம் அடிவயிறு. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வாந்தி எடுத்தார். துண்டு மாற்றினேன்.

திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. கொரட்டூரில் அவருக்குத் தெரிந்த டாக்டர் இருப்பதாகச் சொன்னார். கொரட்டூர் டாக்டர் பார்த்தால் கொரட்டூர் முழுக்கத் தெரிந்துவிடும். அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். சரி, பூந்தமல்லி டாக்டர் என்றார். பூந்தமல்லி டாக்டரிடம் தினம் நூறு பேர் வருகிறார்கள். அதில் ஒருவர் பட்டாபிராம்காரராக இருந்தால் போதும். அதையும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்று மாலை கதவைத் தட்டினார்.

"சார், தொறங்க சார். ஸ்பெயினும் வாணாம் ஒரு மண்ணும் வாணாம். நான் ஊட்டுக்குப் போறேன்."

"வெள்ளிக்கிழமை மதியம்தான் விமானம்."

"இன்னா வெமானம், யோவ். நான் பூந்தமல்லில கீறேன்யா."

"மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள்."

மறுபடியும் கதவைத் தட்டினார். பிறகு, "என் பொண்ணு என்ன வேணா நெனச்சிக்கட்டும். தொற" என்றார்.

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். திறக்காதே என்று சொன்னவரும் அவர்தான். திற என்று சொன்னவரும் அவர்தான். முதலாமவர் உடம்பு நன்றாக இருந்தபோது நிதானமாக யோசித்துச் சொன்னவர். இரண்டாமவர் காய்ச்சலில் பேசுகிறவர். நான் முதலாமவர் பேச்சைக் கேட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

செவ்வாய்க்கிழமை பேபி வந்து கேட்டாள்.

"இன்னா சார், ஆறாம் நம்பர்ல யாரோ மொனவுறாங்க. வெளியில பூட்டு தொங்குது. பேயி கீயி பூந்துகிச்சா?"

"விருந்தினர் இருக்கிறார்."

"ஆளா கீது? எந்தூரு ஆளு?"

"ஸ்பெயினில் இருக்கிறார்."

பேபி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ காத்தாலயே தண்ணி போட்டியா சார்? போயி மோரு குடி" என்றாள். வாரக் கடைசி வரை அவளுக்கு லீவு கொடுத்தேன். அறையை நானே பெருக்கினேன்.

செவ்வாய் மாலையிலும் பேப்பர் படித்தேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. வலி குறைந்துவிட்டது என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. குடல்வால் உள்ளே வெடித்தால் சிறிது நேரம் வலி அப்படிக் குறையும் என்று, நான் சொன்னதையெல்லாம் கேட்ட உங்கள் போலீஸ் டாக்டர் நேற்றுச் சொன்னார். ஒரு மணி நேர ஆபரேஷன்தான் என்றும் சொன்னார். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டீர்கள். அந்தப் புத்தகத்தில் டாக்டரைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

புதன்கிழமை பத்தரைக்கு ரொட்டி கொண்டுபோனேன். அவர் இறந்திருந்தார். கதவுக்குப் பக்கத்தில், தரையில். விரல் நகங்களில் கதவின் பச்சைப் பெயிண்ட் இருந்தது.

பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டிக்கு வெட்டிய குழி ஒன்று ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. மதிய உணவுக்குப் பிறகு எல்லோரும் தூங்குவது அந்த ஊர் வழக்கம் என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் லாட்ஜிலும் தூங்குவார்கள். அந்த நேரத்தில் முடித்துவிட்டேன். அன்று மட்டும் நம் ஊர் மதியத்தையே எடுத்துக்கொண்டேன். ஜெபமாலையை அவர் கையில் சுற்றினேன். பதிவுப்படி இன்னும் இரண்டு இரவுகள் இருந்தன. இரண்டு நாளும் ஆறாம் எண் அறையில் துண்டு மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை மீனம்பாக்கம் போனேன். அதே வேன் வந்திருந்தது. பாண்டு வாத்தியமும் இருந்தது. நான்கு மணி வரை மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சகாயம்மாளை அன்றுதான் முதலில் பார்த்தேன். வெயிலில் மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதனால்தான் அந்தோணிராஜ் சொல்வதுபோல் அவருக்குக் கடிதம் எழுதினேன். 'நான் தங்கியிருந்த ஹோட்டலிலேயே எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். கையில் அடிபட்டிருப்பதால் கூட இருக்கும் தமிழர் ஒருவர் எழுதுகிறார். பதில் எழுதினால் பூந்தமல்லியில் இந்த லாட்ஜில் கொடுக்கவும், வந்துபோகிறவர்கள் எடுத்து வருவார்கள்.' தபால்தலை நம் நாட்டுடையதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் கடிதத்தைக் கொடுத்து இங்கே தபாலில் போடச் சொல்வது எல்லோரும் செய்வது. யாரும் சந்தேகப்படவில்லை.

ஜனவரியில் ஜெயசீலிக்குக் கல்யாணம் நடந்தது. நான் எழுதிய வாழ்த்தைக் கோயிலில் மைக்கில் வாசித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். அந்தோணிராஜ் எதற்காக என்னிடம் வந்தாரோ அது நடந்துவிட்டது. அவர் உயிரோடு திரும்பியிருந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

சகாயம்மாள் மாதம் ஒரு முறை வருவார். கையில் யாரிடமாவது சொல்லி எழுதவைத்த ஒரு கடிதமும் ஒரு தூக்குச் சட்டியும் இருக்கும்.

"இன்னாண்ணா, எங்கூட்டுக்காரரு கடுதாசி எதுனா வந்துச்சா?"

"வந்திருக்கிறது."

"எளச்சிட்டாரான்னு கேளுண்ணா. அந்தாளு ரசம் இல்லாம துன்ன மாட்டாரு. அங்க இன்னாத்தத் துன்றாரோ."

"ரொட்டி."

"ஐயோ பாவம். இந்தா, அதிரசம். போறவங்க கையில குடுத்தனுப்பு. நீயும் ரெண்டு எடுத்துக்க."

நான் இரண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது உண்மை. வேறு யாரும் இல்லையே.

பின்பக்கத்துக் குழியை மூடிச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தேன். செம்பருத்தித் தொட்டிகள் வைத்து, இரண்டு நாற்காலியும் போட்டேன். படத்தில் இருந்த முற்றம் போலவே வந்தது. சகாயம்மாளுக்கு அங்கேதான் காப்பி கொடுப்பேன். "இங்க உக்காந்தா மனசு ஆறுதுண்ணா, ஏன்னு தெர்ல" என்பார். ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தளத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என் பொறுப்பிலிருந்த ஒரு இடத்தைப் பற்றி யாரும் அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் இப்படி ஒழுங்காகப் போனது. போன வாரம் அவர் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மேசையில் குடை கிடைக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்றுதான். எடுத்துக் கொடுத்தேன். அதன் கைப்பிடியில் பற்பொடிக் கம்பெனி ஒட்டிய காகிதம் இருப்பது எனக்குத் தெரியும். 'ஆறுதல் பரிசு. திரு. அந்தோணிராஜ், கொரட்டூர்.' ஆனால் நனையப் போகிற ஒருவரிடம் குடை இல்லை என்று சொல்ல எனக்கு வராது. சகாயம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஜெயசீலிக்குத் தெரியும்.

மறுநாள் ஜெயசீலி வந்தாள். பின்னால் நீங்கள் வந்தீர்கள். தளத்தை உடைக்கும்போது சகாயம்மாள் பக்கத்திலேயே நின்றார். ஜெபமாலை தெரிந்ததும், தான் எப்போதும் உட்காரும் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "அதிரசம் நல்லா இருந்துச்சாண்ணா?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அதில் தவறு என்ன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான்தான் பூட்டினேன். அவர் கேட்டபோது திறக்கவில்லை. நான்தான் புதைத்தேன். இருபத்தாறு கடிதங்களும் நான் எழுதியவை. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும். விருந்தினர் கருத்து எழுத ஒரு நோட்டு வாங்கி வைத்திருந்தேன். அதில் முதல் பக்கம் அவருக்கு. பெயர், அறை எண், தங்கிய நாட்கள் எல்லாம் எழுதியிருக்கிறேன். கருத்து என்ற இடம் காலியாக இருக்கிறது. எத்தனையோ முறை பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எப்படி எழுதுவது, ஐயா? எனக்குப் பொய் எழுத வராது.