ஜீப்புச் சத்தம்

வேல்விழி: காலை ஆட்டாதீக ராக்காயி பெரியம்மா. முள்ளு உள்ள போயிரும்.

ராக்காயி: கூசுது தாயி... நான் என்ன செய்ய.

வள்ளித்தாய்: பல்லுப் போன வயசுல இவளுக்குக் கூச்சத்தைப் பாரு. ஏட்டி, சட்டுனு முடி. அடுத்து என் காலு.

வேல்விழி: சிரிக்காதீக ரெண்டு பேரும். இல்லத்துக்கு நர்சுன்னு நான் ஒருத்தி இருக்கேன். இன்ஸ்பெக்சனுக்கு ஜீப்பு வருது, நீங்க பாட்டுக்குக் கருவேலங்காட்டுக்குள்ள ஓடுறீக...

ராக்காயி: நாங்க எங்க ஓடினோம். காலுல்ல ஓடுச்சு.

வள்ளித்தாய்: பழக்கம் தாயி. விஸ்வநத்தத்துல பட்டாசு ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும்னு சட்டம். சீசன்ல ஆறு பேரு இருப்போம். ஜீப்புச் சத்தம் கேட்டுச்சுன்னா...

ராக்காயி: ரெண்டு பேரு காட்டுக்குள்ள. எப்பவும் நானும் இவளும்தான்.

வேல்விழி: இது பட்டாசுக் கம்பெனியா? முதியோர் இல்லம்.

வள்ளித்தாய்: இங்கனயும் ரூமுக்கு நாலு பேருதானாம்ல. நாங்க ஆறு பேருல்ல படுக்கோம்.

வேல்விழி: அதுக்குத்தான போன வருசம் 'சி' கிரேடு போட்டாக. வாசப் போர்டுல அதைப் பாத்துட்டுப் புதுசா ஒரு ஆளு வந்து சேரல. இந்த வருசமும் 'சி'ன்னா இல்லத்தைப் பூட்டி, உங்களை ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிருவாகன்னு சொன்னேனா இல்லையா?

ராக்காயி: சொன்ன. என்னைய விருதுநகரு, இவளைச் சாத்தூருன்னு.

வள்ளித்தாய்: இவ இல்லாம அங்கன போயி நான் யாரோட சண்டை போட... விடு. ஜீப்புல வந்த ஆபீசரு என்ன போட்டுட்டுப் போனாரு? அதைச் சொல்லு.

வேல்விழி: சமையக்கட்டு சுத்தம்னாரு. மாத்திரை மருந்து சரின்னாரு. உங்க ரூமுக்கு வந்தாரு. நாலு பேரு இருந்தாக.

ராக்காயி: பாத்தியா ஏட்டி...

வேல்விழி: பொறுங்க. அந்நேரம் பாத்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. ரெண்டு பேரும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வேலி ஓரமா ஓட்டம்.

வள்ளித்தாய்: அது... பன்னி தொரத்திருச்சு தாயி.

ராக்காயி: இவ போயி அது குட்டியைத் தொட்டா.

வேல்விழி: 'யாரும்மா அது'ன்னாரு. மாட்டியாச்சு, பெறகு என்ன செய்ய... இந்த ரூமு ஆளுகதான் சார், மொத்தம் ஆறு பேருன்னு உள்ளதைச் சொல்லிட்டேன்.

ராக்காயி: அடிப்பாவி. அப்ப 'சி'யா?

வேல்விழி: ரூமுக்கு மார்க்கைக் கொறைச்சாரு. அப்புறம் இன்னொரு தடவை ஜன்னல்ல பாத்தாரு. 'இந்த வயசுல இம்புட்டு ஓட்டம் ஓடுறாக, சாப்பாடு நல்லாத்தான் போடுறீக'ன்னு உடம்பு நலத்துக்கு முழு மார்க்கு. எல்லாம் சேத்து 'பி'.

வள்ளித்தாய்: பூட்ட மாட்டாகளே?

வேல்விழி: மாட்டாக.

ராக்காயி: ஏட்டி வள்ளி... அந்தப் பன்னிக்கு நாளைக்கு ரெண்டு இட்லி வைக்கணும்.

வேல்விழி: அது கெடக்கட்டும். பழக்கத்துல ஓடினவுகளுக்கு காட்டுக்குள்ள மரத்தடியில ரெண்டு தலகாணி எப்படி வந்துச்சு?

வள்ளித்தாய்: ரூம்ல ஆறு தலகாணி கெடந்தா எண்ணிருவாருல்ல.

வேல்விழி: அப்ப தெரிஞ்சேதான்...

ராக்காயி: ஆமா, தெரிஞ்சேதான். இவளை விட்டுட்டு நான் விருதுநகருல போயி இருப்பேனா? சரி... நான் ஒண்ணு கேக்கட்டா? ஆடு வரும்னு எப்பவும் பூட்டியே கெடக்கிற பின்கேட்டு, இன்னைக்கு மட்டும் எப்படித் தொறந்து கெடந்துச்சு? சாவி உன் இடுப்புலதான இருக்கு.

வேல்விழி: காலைக் காட்டுங்க.

வள்ளித்தாய்: எல்லா முள்ளும் எடுத்தாச்சு. பதிலைச் சொல்லு.

வேல்விழி: நர்சுக்குப் படிக்கப் போறதுக்கு முந்தி நானும் பட்டாசுக் கம்பெனியிலதான பெரியம்மா இருந்தேன்... ஜீப்புச் சத்தம் கேட்டா, பின்கேட்டைத் தொறந்து விடுறதுதான் என் வேலை.