அறையில் ஒருவர் மட்டும்

– கதவச் சாத்தியாச்சு. மேஜை மேல ஒரு தண்ணி பாட்டில், அதுல லேபிளக் கூடக் கிழிச்சிட்டேன். காது ரெண்டையும் காட்டியாச்சு. இன்னும் என்னம்மா காட்டணும்?

– மன்னிக்கணும் மேடம். ஆன்லைன் பரீட்சையக் கண்காணிக்கறவளுக்கு ரூல்னா ரூல். உங்க போன அலமாரி மேல வெச்சிட்டீங்களா?

– வெச்சாச்சு. முழு ரூமும் தெரியுதா?

– தெரியுது. இனிமே அதத் தொடக்கூடாது. தொட்டா பரீட்சை ரத்தாயிடும். லேப்டாப்ல உங்களுக்கு உங்க முகம் மட்டும்தான் தெரியும். போன் கேமராவுல வர்றது எனக்கு மட்டும்தான் தெரியும். புரிஞ்சுதுங்களா?

– புரிஞ்சுது, புரிஞ்சுது. மணி மூணே முக்கால். அஞ்சு மணியோட என் லைசென்ஸ் முடியுது, கொஞ்சம் சீக்கிரம் தொறந்து விடும்மா.

– எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், உங்க வேலை என்ன, இத உங்க வாயால சொல்லணும். பதிவாகும்.

– ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதத்துல கை விழுந்தவங்களுக்கு மறுபடி சட்டை போட, பல்லு தேய்க்க, ஸ்பூன் பிடிக்கக் கத்துக்குடுக்கற வேலை. எங்க பெரியம்மா இன்னும் என்னை நர்ஸுன்னுதான் சொல்லிட்டிருக்காங்க. பத்தொம்பது வருஷமா ஒரே ஆஸ்பத்திரி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லைசென்ஸப் புதுப்பிக்கணும்னா இருபத்தி நாலு மணி நேரம் படிச்சுக் காட்டணும். இருபத்திரெண்டு ஆச்சு. இந்த ரெண்டு மணி நேரப் பாடத்தையும் படிச்சிட்டேன், பரீட்சை மட்டும் பாக்கி. இன்னைக்கு விட்டா நாளைக்கு ஒரு நோயாளி விரலக் கூட நான் தொட முடியாது. போதுமா?

– பாடத்தோட பேரு சொல்லல.

– தொழில் நெறி.

– சரிங்க மேடம். ரூம்ல நீங்க ஒருத்தர் மட்டும்தான?

– நானும் ஃபேனும்.

– அப்போ உங்க பின்னால நாற்காலில உக்காந்திருக்கறவர வெளிய போகச் சொல்லுங்க.

– யாரை?

– ஜன்னல் ஓரத்து நாற்காலி. வயசானவர்.

– அது என் துப்பட்டாம்மா. காயட்டும்னு போட்டேன். இரு, எடுத்துடறேன். இந்தா. இப்ப ஒண்ணுமில்லையே?

– துப்பட்டா போயிடுச்சு. அவர் இருக்கார்.

– விளையாடாத. வீட்டுல யாருமில்ல. எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருக்கார், பொண்ணு காலேஜ்ல. வாசக்கதவு உள்தாழ்ப்பாள். ஏதாவது வெளிச்சம் விழுந்து அப்படித் தெரியும்.

– வெளிச்சம் சட்டை பட்டன் போடுமா மேடம்?

– என்னது?

– பட்டன் போட்டுட்டிருக்கார். ஒரே கையால. இன்னொரு கை மடில அப்படியே கெடக்கு.

– …எந்தக் கையால?

– இடது கை. ரூம்ல ரெண்டு பேர் இருந்தா என்னால பரீட்சையத் தொறக்க முடியாது. அவர் யாருன்னு நான் எழுதியாகணும்.

– இரும்மா. கொஞ்சம் இரு. மேலேருந்து போடறாரா, கீழேருந்தா?

– கீழேருந்து. ஒவ்வொண்ணா மேல வர்றார். ஏன்?

– ஊரு உலகமெல்லாம் மேலேருந்துதான் போடும். ஒத்தக் கைல அப்படிப் போட்டா ஓரம் ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கிடும். அதனால கீழேருந்து போடுங்கன்னு நான்தான் எல்லாருக்கும் கத்துக்குடுப்பேன். சட்டை… சட்டை என்ன நிறம்?

– காக்கி. சாயம் போன காக்கி.

– ஐயோ.

– உங்களுக்குத் தெரிஞ்சவரா?

– ஃபேன் காத்து திடீர்னு ஏன் இப்படி ஜில்லுன்னு வருது. நான் போன எடுத்துப் பாத்துடறேனே, ஒரே ஒரு தடவ.

– எடுத்தா ரத்து. எழுந்து நேரா நாற்காலியப் பாருங்க, அதுக்குத் தடையில்ல.

– பாத்துட்டேன். காலி. வெறும் நாற்காலி.

– அவர் உங்களத்தான் பாக்கறார். யாரு மேடம் அவரு?

– டிரைவர் ஐயா. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். வலப்பக்கம் மொத்தமா விழுந்து வந்தார். வாய் மட்டும் விழல, அது எட்டு ஊருக்குக் கேக்கும். மொத நாளே, "டாக்டரம்மா, கையோட ஆக்ஸிலேட்டர் காலும் போச்சு, இனி வண்டிய நியூட்ரல்லதான் தள்ளணும்"னார். ஒன்றரை மாசம் என்கிட்ட இருந்தார். கடைசிப் பட்டன் மட்டும் வரவே வராது. கழுத்துப் பட்டன். தாடையத் தூக்கிக் காட்டுவார், நான் போட்டு விடுவேன்.

– இப்ப எங்க இருக்கார்?

– இல்லம்மா. போயிட்டார். போன வருஷம்.

– எப்படி?

– வீட்டுல விழுந்துட்டார். பாத்ரூம்ல.

– மேடம், உங்க சத்தம் சரியாக் கேக்கல.

– பாத்ரூம்ல விழுந்துட்டார்னேன்!

– அதுக்கு ஏன் உங்களத் தேடி வரணும்?

– …பரீட்சையத் தொறந்துடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். மணி நாலாகப் போகுது.

– தொறக்க முடியாது. ஒருத்தர் மட்டும்தான் இருக்கணும். அவர் போகணும்னா நீங்கதான் பேசணும்.

– யார்கிட்ட? நாற்காலிகிட்டயா?

– அவர்கிட்ட.

– உன் வேலைல இது வரைக்கும் இப்படி நடந்திருக்கா?

– இல்ல. பேசுங்க.

– என்ன பேச… ஐயா. டிரைவர் ஐயா. நான் தெரியாம… இல்ல. தெரிஞ்சுதான். நோயாளிய வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டப் போய்ப் பாக்கணும்மா. படி இருக்கா, தரை வழுக்குமா, பிடிச்சுக்கக் கம்பி இருக்கா. அது என் வேலை. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போறதா இருந்தேன்.

– போனீங்களா?

– அன்னைக்கு ஒரு வகுப்பு இருந்துச்சு. ஆறு மணி நேரம். இதே லைசென்ஸுக்குத்தான். அத விட்டா அந்த வருஷம் வேற இடமில்லன்னாங்க. ஐயா திங்கக்கிழமை டிஸ்சார்ஜ். பெட்டக் காலி பண்ணச் சொல்லி மேலேருந்து நெருக்கறாங்க. நான் வகுப்புக்குப் போயிட்டேன்.

– என்ன வகுப்பு?

– கேக்காத.

– எழுதணும் மேடம்.

– வீட்டுப் பாதுகாப்பு. முதியோர் வீட்டுல விழாம இருக்க என்னென்ன பாக்கணும்னு. ஏசி ஹாலுல உக்காந்து, பாத்ரூம் படம் படமாக் காட்டினாங்க, நானும் குறிப்பு எடுத்தேன். மத்தியான இடைவேளைல ஃபைலத் தொறந்து, "வீட்டைப் பார்த்தேன், பாதுகாப்பாக உள்ளது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரெண்டே வரி. அவர் வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு கூட எனக்குத் தெரியாது.

– அப்புறம்?

– பதினோரு நாள்ல சேதி வந்துச்சு. பாத்ரூம் வாசல்ல அரை அடிக்கு ஒரு படி இருந்துச்சாம். கம்பி இல்ல. நான் போயிருந்தா, கம்பி போட்டாத்தான் அனுப்புவேன்னு நின்னிருப்பேன். ஒரு கம்பி. ஒரு மேஸ்திரிக்கு அரை நாள் வேலை. ஐயா வீட்டுல புகார் குடுத்தாங்க. ஆஸ்பத்திரி என் கையெழுத்தக் காட்டி வாய அடைச்சிருச்சு. நானும் வாயத் தொறக்கல. இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, எங்க வீட்டுக்காரர்கிட்ட கூட. ஐயா என்ன பண்றார் இப்ப?

– தாடையத் தூக்கிக் காட்டறார்.

– கழுத்துப் பட்டன்.

– ஆமா. அது மட்டும்தான் பாக்கி.

– நான் போடறேன். எங்க இருக்கார்னு நீ சொல்லு.

– மேடம், வேண்டாம். பேசினதே போதும்.

– போடாம அவர் போகமாட்டார்மா, உனக்கு அவரத் தெரியாது. நாற்காலிக்கு நேரா நிக்கறேன். குனியணுமா?

– …கொஞ்சம் குனிங்க. கை இன்னும் மேல. அவ்வளவுதான்.

– ஐயா, மூச்ச இழுத்துப் பிடிங்க. ஆங். இரும்மா, காஜா ஓட்டை சின்னதா இருக்கு.

– மேடம்?

– ஒரு நிமிஷம். வழுக்குது… வந்துருச்சு. போட்டாச்சுய்யா.

– மேடம், இந்தப் பக்கம் வாங்க. லேப்டாப் முன்னால வந்து உக்காருங்க. இப்பவே.

– வந்துட்டேன். போயிட்டாரா?

– தண்ணி குடிங்க. நான் ஒண்ணு சொல்லணும்.

– போயிட்டாரா இல்லையா?

– நாற்காலில யாரும் இல்ல மேடம். மொதல்லேருந்தே இல்ல. நான் சொன்னது அத்தனையும் பொய்.

– என்னம்மா சொல்ற?

– நான் டிரைவர் ஐயாவோட பொண்ணு. வெளியூர்ல வேலைங்கறதால ஆஸ்பத்திரிக்கு வரவே முடியல, எங்க சித்தப்பாதான் கூட இருந்தார். அந்தச் சனிக்கிழமை லீவு போட்டுட்டு வந்து வீட்டுல இருந்தேன். தெரபிஸ்ட் வருவாங்கன்னு காலைல எட்டு மணிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வாசலப் பாத்துட்டே இருந்தேன். யாரும் வரல. அப்புறம் ஃபைல்ல பாத்தா வந்து பாத்ததா எழுதியிருக்கு. நான் வீட்டுலதான் இருந்தேன்னு சொன்னேன். "துக்கத்துல இருக்கீங்க, ஞாபகம் தப்பியிருக்கும்"னாங்க.

– அம்மா…

– இன்னைக்குக் காலைல பரீட்சை எழுதறவங்க லிஸ்ட் வந்துச்சு. உங்க பேரு. நீங்க அனுப்பின வகுப்பு சர்டிபிகேட்டுல அதே சனிக்கிழமை தேதி. வேற ஆளுக்கு ஒதுக்கின வேலைய நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். எனக்குக் கீழேருந்து பட்டன் போடறது தெரியும். பதினோரு நாளும் வீட்டுல அதத்தான் பழகினார். "டாக்டரம்மா சொல்லிக்குடுத்தது, பாரு"ன்னு வீடியோ கால்ல என்கிட்ட பெருமை வேற.

– நான் என்ன சொல்ல. மன்னிப்புன்னு கேக்கறதுக்கு எனக்கு வாய் இல்ல.

– கேக்க வேண்டாம். எனக்கு ஞாபகம் தப்பலன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான். மணி நாலே கால் ஆகுது. பரீட்சையத் தொறந்து விடறேன், எழுதுங்க. நேரம் இருக்கு.

– தொறக்காத. நான் எழுதப்போறதில்ல. நான் பேசினதெல்லாம் பதிவாகியிருக்கா?

– ஆகியிருக்கு.

– அத அழிக்காத. மேல அனுப்பு. நானும் என் கைப்பட எழுதித் தரேன், உங்க வீட்டுக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு. ஆனா ஒண்ணு கேக்கணும்மா. கோவப்படாத. நிஜமாவே அங்க யாரும் இல்லையா?

– இல்ல மேடம். நீங்க காத்துலதான் கைய வெச்சு ஏதோ பண்ணிட்டிருந்தீங்க. பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு.

– என் விரலுக்குப் பத்தொம்பது வருஷப் பழக்கம். துணி எது, காத்து எதுன்னு அதுக்குத் தெரியும். கழுத்துப் பட்டன் ஆம்பளச் சட்டைல வர்ற தட்டைப் பட்டன் இல்ல. உருண்டையா, முத்து மாதிரி, வழுவழுன்னு இருந்துச்சு. அடில நூல் கண்டபடி சுத்தியிருந்துச்சு.

– அத நான் என் சட்டைலேருந்து பிச்சு, அவர எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் காக்கில தச்சேன்.