நந்தியாவட்டைப் பூவும் சிவப்புக் கொடியும்

ராஜாராமன்: மெதுவாக் கட்டுடி... கண்ணுல பூவை வெக்கச் சொன்னா மண்டையையே மூட்டை கட்டறியே. நான் என்ன சணல் பொதியா?

விஜயலக்ஷ்மி: ஆடாம உக்காருங்கோ. நந்தியாவட்டை நழுவினா கண்ணு எப்படிக் குளிரும்? பக்கத்தாத்து வங்காளி மன்னி, அந்த பௌதிகிட்டக் கெஞ்சிப் பறிச்சுண்டு வந்திருக்கேன்.

ராஜாராமன்: காலம்பற டம்டம் துப்பாக்கி மைதானத்துல பட்ட குளிர் போறாதா? அஞ்சு குண்டு சுட்டேன். அஞ்சுக்கும் படலைன்னு சிவப்புக் கொடி! ஒண்ணு... ஓரத்துலயாவது...

விஜயலக்ஷ்மி: நாப்பது தாண்டினா எல்லாருக்கும் பார்வை மங்கத்தான் மங்கும்.

ராஜாராமன்: உனக்கு ஊசி கோத்துத் தரது யாரு? மங்கின கண்ணா?

விஜயலக்ஷ்மி: ஊசி மடியில இருக்கு. நீங்க சுடற பலகை முன்னூறு கஜத்துல இருக்கு... யாரது? மஹாதேவனா? உள்ள வாடா.

மஹாதேவன்: அக்கா... அத்திம்பேருக்கு என்ன, கண்ணுல கட்டு?

ராஜாராமன்: வா மச்சினா! ரைபிள் சங்கத்து குமாஸ்தா நேரே துக்கம் விசாரிக்க வந்துட்டாரா? உங்க சங்கத்து காப்டன் துரை என்னடா சொன்னான்?

மஹாதேவன்: சிரிச்சார்.

ராஜாராமன்: அவ்வளவுதானா?

மஹாதேவன்: "பாவம், பேனா பிடிச்ச கை"ன்னார்... சங்கத்தோட சரித்திரம் அச்சுக்குப் போறதோல்லியோ? கடைசிப் பக்கத்துல ஒண்ணு சேர்க்கச் சொல்லியிருக்கார். இந்தியாள் ஒருத்தனுக்குப் பரீட்சை வெச்சோம், ஒரு குண்டும் படலை, அதனால இந்தியாளைச் சங்கத்துல சேர்க்கிற பேச்சுக்கே இடமில்லைன்னு.

ராஜாராமன்: பலே! பரா பஜார் சந்தையில கூட எவனும் ஒரு மாம்பழத்தை அமுக்கிப் பார்த்துட்டு வண்டிப் பழத்தையே வேண்டாம்னு தள்ளமாட்டான். இவன் என் ஒரு ஜோடிக் கண்ணைப் பார்த்து முப்பது கோடிப் பேருக்கும் விலை போட்டுட்டானே!

விஜயலக்ஷ்மி: விட்டுத் தொலையுங்கோ. அதுல சேர்ந்து என்ன கோட்டையைப் பிடிக்கப் போறோம்?

ராஜாராமன்: அந்தச் சங்கம் எப்படி வந்ததுன்னு தெரியுமா உனக்கு? விலாயத்துச் சீமையில, பிரெஞ்சுக்காரன் படையெடுத்துடுவான்னு பயந்து, கடைக்காரன், வக்கீல், குமாஸ்தா எல்லாரும் சம்பளம் வாங்காம துப்பாக்கி தூக்கினா. குமாஸ்தாடி! என்னை மாதிரி! அங்கே குமாஸ்தா தூக்கினா தேசபக்தி. இங்கே தூக்கினா...

விஜயலக்ஷ்மி: அந்தமான்.

ராஜாராமன்: கேட்டியாடா இவ வாயை? மாணிக்தலா தோட்டத்துல பசங்க ஒளிச்சு வெச்ச வெடிகுண்டு போலீஸ்கிட்ட அகப்பட்ட நாள்லேந்து இவளுக்கு இதே ஜபம். பௌதியோட அழுகையைக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் புத்தி பேதலிச்சுடுத்து.

மஹாதேவன்: அக்கா சொல்றதும்... ஒரு விதத்துல...

ராஜாராமன்: நீயுமா? உங்க சரித்திரத்துல முதல் பக்கத்துல என்ன இருக்கு, சொல்லு. விலாயத்துத் தாய்ச் சங்கத்துல முதல் குண்டு யார் சுட்டது?

மஹாதேவன்: விக்டோரியா மகாராணி.

ராஜாராமன்: எப்படிச் சுட்டா? துப்பாக்கியை முன்னாடியே மேடையில இறுக்கி, குறி பார்த்து வெச்சுட்டு, ஒரு பட்டுக் கயித்தை மட்டும் அவா கையில கொடுத்தா. இழுத்தா. நட்டநடுவுல! ஊரே கை தட்டித்து. எனக்கு யார்டா அப்படிக் கட்டி வெச்சா?

மஹாதேவன்: நான் கிளம்பட்டுமா அத்திம்பேர்?

விஜயலக்ஷ்மி: டேய், காப்பி கலக்கட்டுமா?

மஹாதேவன்: வேண்டாம் அக்கா.

ராஜாராமன்: காப்பி வேண்டாமா? இவனுக்கா? சரி, கேளு. நாளைக்குக் கார்த்தால நேரே காப்டன் பங்களாவுக்குப் போறேன். இன்னொரு தரம் பரீட்சை வெய்யுங்கோன்னு கேக்கப் போறேன்.

மஹாதேவன்: ஐயோ!

விஜயலக்ஷ்மி: போகக் கூடாது.

ராஜாராமன்: அக்காவும் தம்பியும் ஒரே சுருதியில கத்தறேளே! கார்டன் ரீச் படித்துறையில எங்க கம்பெனி துரை குடிச்சுட்டு வீசின பாட்டிலை, ஆத்துல மிதக்க மிதக்க அவன் துப்பாக்கியாலேயே சுட்டு உடைச்சிருக்கேன். அந்தக் கதையைக் கேட்டுத்தானே காப்டன் ஆபீஸ் தேடி வந்து என் தோள்ல தட்டினான்?

மஹாதேவன்: அதான் அத்திம்பேர்... அந்தத் தட்டினதுதான்...

விஜயலக்ஷ்மி: மஹாதேவா!

ராஜாராமன்: அவனை ஏண்டி மிரட்டறே? கையைக் கொடுடா. உன்மேல எனக்குக் கோவம் இல்லை. பலகைக்கு அடியில, குழிக்குள்ள உக்காந்திருக்கிறவன் நீ. பட்டா வெள்ளைத் தட்டு, படலைன்னா சிவப்புக் கொடி. பார்த்ததைத்தானே காட்டணும்... இது என்ன, சட்டைக் கை மொறமொறங்கறது?

மஹாதேவன்: வண்ணான்... கஞ்சி போட்டிருக்கான்.

ராஜாராமன்: ஒரு கைக்கு மட்டுமா? பேஷான வண்ணான்... இரு, இழுக்காதே. இது பசைடா. குண்டு விழுந்த ஓட்டையை மூட, காகிதம் ஒட்டுவேளே, அந்தப் பசை. துண்டு காகிதமும் ஒட்டிண்டிருக்கு.

விஜயலக்ஷ்மி: கட்டை அவிழ்க்காதேங்கோ! பூ எல்லாம்...

ராஜாராமன்: பூ கிடக்கட்டும்... கறுப்பு. காகிதம் கறுப்பு. ஓரத்து ஓட்டைக்கு வெள்ளை ஒட்டுவா. நடு வட்டத்துக்குத்தான் கறுப்பு. ஏண்டா மஹாதேவா?

மஹாதேவன்: அது... வேற யாரோ துரை... வேற நாள்...

ராஜாராமன்: காலம்பற மடிப்புக் கலையாம போட்டுண்டு வந்த சட்டை இது. இன்னிக்கு அங்கே சுட்டது நான் ஒருத்தன்தான். கூலியாளையெல்லாம் வெளியில அனுப்பிட்டு நீயே குழியில இறங்கினப்போ, அத்திம்பேர் மேல எத்தனை கரிசனம்னு நினைச்சேன்! சொல்லு, எத்தனை காகிதம் ஒட்டினே?

மஹாதேவன்: அத்திம்பேர், நான்...

ராஜாராமன்: காப்டன் என்ன தரேன்னான்? பெரிய குமாஸ்தா நாற்காலியா? ஆத்து மனுஷனை வித்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து உக்காந்திருக்கியே... வெட்கமா இல்லே? அந்த ஒரு வரியை அச்சுல ஏத்தப் போறதும் உன் கைதானேடா!

விஜயலக்ஷ்மி: அவனை விடுங்கோ. கொடியைத் தூக்கச் சொன்னது நான். "ஒண்ணுக்காவது வெள்ளை காட்டறேன் அக்கா, அத்திம்பேர் முகம் வாடிடும்"னு பேரம் பேசினான். ஒண்ணு கூடக் கூடாதுன்னேன். போன வாரம் போலீஸ் துரை சங்கத்துக்கு வந்து, இந்த ஊர்ல நன்னாச் சுடத் தெரிஞ்ச இந்தியாள் எவன் எவன்னு விசாரிச்சிருக்கான். மறுநாள்தான் காப்டன் உங்க ஆபீசைத் தேடிண்டு வந்தது; பரீட்சைங்கறதே அந்தப் பேரைப் பிடிக்கத்தான். பௌதி ஆத்துக்காரர் சுட்டது கொக்கு. கொக்குதான்! கூட்டிண்டு போன போலீஸ்காரா இன்னும் விடலை. கையில சுமங்கலிச் சங்கு வளையலை வெச்சுக்கலாமா, உடைக்கணுமான்னு தெரியாம அவ உக்காந்திருக்கா. அவ செடியில பறிச்ச பூதான் இது... அஞ்சும் நட்டநடுவுல பட்டதாம். தெரிஞ்சுண்டேளோல்லியோ? இனிமே யார் கேட்டாலும் கண்ணு சரியில்லைன்னு சொல்லணும். தலையைக் குனியுங்கோ, திரும்பக் கட்டறேன்.