படுத்தவர் எழுந்தால்

நாற்பது வயதுக்கு மேல் தொழிலை மாற்றிக்கொள்வதில் தப்பே இல்லை. உங்களுக்கும் டிபார்ட்மெண்ட் சலித்துப்போனால் யோசித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நான் மாற்றினேன். மாற்றிய தொழில் நல்ல தொழில்தான்.

என் பெயர் சிவசைலம். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் பாய் விரித்து, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். சாரல் விழுந்தால் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். விழாத வருஷம் கைமாற்றுதான். அப்புறம் ரிசார்ட்டுகள் வந்தன. உள்ளேயே ஏசி அறை, உள்ளேயே மசாஜ். வெளியே பாயோடு உட்கார்ந்திருந்த எங்களை வழி கேட்பதற்கு மட்டும் கூப்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘வேகமாக வளரும் தொழில்கள்’ என்று இலவசக் கூட்டம் போட்டார்கள். கிங்ஸ்லி என்று ஒரு பயிற்சியாளர் பேசினார். காற்றாலை மெக்கானிக் என்றார். எனக்கு ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். சோலார் தகடு மாட்டுவது என்றார். அதுவும் மொட்டை மாடிக்கு மேலே. ட்ரோன் பறக்கவிட்டு வயலுக்கு மருந்தடிப்பது என்றார். பக்கத்தில் இருந்தவர், “நம்ம கொசுவுக்கே மருந்தடிக்க முடியல” என்றார். கூட்டம் முடிந்ததும் கிங்ஸ்லி சார் என் தொழிலைக் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இந்தக் கைய வச்சிக்கிட்டு அங்கன அருவிக்கரையில என்ன செய்யுதீங்க? எந்தத் தெருவுக்குப் போனாலும் பிள்ளைக வெளியூர்ல, அப்பா அம்மா கட்டில்ல. வீட்டோட தங்கிப் பாத்துக்கிடுத ஆளுக்கு அவ்வளவு கிராக்கி. இதுக்கு சீசனே கிடையாது. வருஷம் பூரா தண்ணி விழும்.”

அவரிடமே பயிற்சிக்குச் சேர்ந்து சர்டிபிகேட் வாங்கினேன். என் மனைவி பேச்சித்தாய் சிரித்தாள். “பீ அள்ளுததுக்கு சர்டிபிகேட்டா? நல்லாருக்கு கதை.” முதல் சம்பளம் வந்த பிறகு சிரிக்கவில்லை.

முதல் வீடு கிங்ஸ்லி சார் பிடித்துக் கொடுத்தது, கீழப்பாவூரில். நம்பிராஜன் என்று ரைஸ்மில் முதலாளி, பக்கவாதம். சொல்லிக்கொடுத்ததையும் செய்தேன், எனக்குத் தெரிந்ததையும் செய்தேன். பொங்கலுக்குள் தானே எழுந்து வாசலில் நின்றார். “நீரு தெய்வம்வே” என்று பொன்னாடை போர்த்தினார். கையில் ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார். அந்த வாரமே தெய்வத்தைப் பஸ் ஏற்றி விட்டார்கள்.

அப்புறம் மாதக்கணக்கில் வேலை இல்லை. கிங்ஸ்லி சார் போனை எடுப்பார், “சொல்லுதேன் அண்ணாச்சி” என்பார், வைத்துவிடுவார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அருவிக்கரையில் ஓர் ஆள் எழுந்தால் அடுத்த ஆள் படுப்பார். இந்தத் தொழிலில் படுத்தவர் எழுந்தால் நான் தெருவில் நிற்பேன். கூட்டத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது வீடுதான் முத்துராமலிங்கம் அய்யா வீடு. உங்கள் டிபார்ட்மெண்ட்தான், ரிட்டயர்டு எஸ்.ஐ. மனைவி இல்லை. ஒரே மகள் ஜெயபிரியா பெங்களூரில். அய்யாவுக்கும் பக்கவாதம்தான், வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ‘ஏட்டு’ என்ற ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஏட்டு, ஃபேன் போடவும் ஏட்டு. என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

காலையில் அவருக்கு எண்ணெய் தேய்ப்பேன். வாரம் இரண்டு தடவை ஹஃப்சா என்ற பிசியோ பிள்ளை வந்து பயிற்சி கொடுக்கும். ஒருநாள் வலது காலின் பெருவிரல் அசைந்தது. பிறகு முட்டி மடங்கியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அன்றைக்கு ஜெயபிரியா வீடியோ காலில் அழுதுவிட்டாள்.

“அண்ணாச்சி, அப்பா இன்னும் கொஞ்சம் நடந்துட்டா நான் இங்க கூட்டிட்டு வந்துருவேன். எங்க ஃப்ளாட்ல லிஃப்ட் இருக்கு. நீங்களும் வீட்டம்மாவோட நிம்மதியா இருக்கலாம்லா?”

நல்ல பிள்ளை. என்னை வேலையைவிட்டு அனுப்புகிறோம் என்றே அதற்குத் தெரியவில்லை.

முதலில் தேய்ப்பதை நிறுத்தினேன். தோலில் தடிப்பு வருகிறது என்று ஹஃப்சாவிடம் சொன்னேன். அய்யா தானாகவே பயிற்சி செய்ய ஆரம்பித்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார். கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டேன். வாக்கரை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். சுவரைப் பிடித்து எழுந்தார். போலீஸ்காரர் இல்லையா.

எங்கள் அருவிக்கரைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த பிறகு, ஆளை எழுப்புவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்காலையும் சீயக்காய்த் தூள் வைத்து நன்றாகத் துடைத்துவிட வேண்டும். அவர் ஈரப்பாறையில் நடந்து அருவிக்குப் போக வேண்டியவர். இதைச் செய்யாதவனை எங்கள் ஆட்களே பக்கத்தில் பாய் போட விடமாட்டார்கள். நான் ஒரு நாளும் தவறியதில்லை.

அய்யாவுக்கு உள்ளங்காலில் மட்டும் எண்ணெய் போட்டேன். துடைக்கவில்லை. அந்த வீட்டில் வழுவழு டைல்ஸ்.

பயம் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். முதல் தடவை கட்டிலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த தடவை முழங்கையில் அடி. ஜெயபிரியா பதறிப்போய், “இன்னும் கொஞ்ச நாள் கூட இருங்க அண்ணாச்சி” என்றாள். இருந்தேன். அதற்கப்புறம் நான் எண்ணெய்க் குப்பியை எடுத்தாலே அய்யா காலை இழுத்துக்கொள்வார். “ஏட்டு, ஏட்டு” என்று கத்துவார். போனில் அதைக் கேட்டு, “அப்பா இன்னும் ஸ்டேஷன் நெனப்புலயே இருக்காங்க பாருங்க” என்று அந்தப் பிள்ளை சிரித்தது. நானும் சிரித்தேன்.

இடுப்பெலும்பு உடையும் என்று நான் நினைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி நடக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். விழுந்த அன்றைக்கே கேஷுவாலிட்டிக்கு வந்த ஹஃப்சா அவர் பாதத்தைப் பிடித்துப் பார்த்து, தன் கையை முகர்ந்தது.

“தேய்க்கத நிறுத்தியாச்சுன்னீங்களே அண்ணாச்சி. உள்ளங்கால்ல மட்டும் எப்படி எண்ணெய்?”

கைப்பழக்கம் என்றேன். அது வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தது. கெட்டிக்காரப் பிள்ளை.

நான் அடுப்படியில் இருந்தபோது அவர் எழுந்து விழுந்தார் என்று முதலில் சொன்னேன். அது பொய். அன்று அவர் எழவே மாட்டேன் என்றார். நான்தான் உட்காரவைத்தேன், நிறுத்தினேன், நாலடி தள்ளிப் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். “வாங்க அய்யா, நான் பிடிச்சுக்கிடுதேன்” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தார். கால் வழுக்கியபோது கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

நான் அவரை வெறுக்கவில்லை, அம்மா. அவருக்கும் என்மேல் கோபம் கிடையாது. தரையிலிருந்து தூக்கியபோது, அசைகிற அந்த இடது கையால் என் கழுத்தைத்தான் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிடிக்காதவன் கழுத்தை யாராவது அப்படிக் கட்டிக்கொள்வார்களா, நீங்களே சொல்லுங்கள்.