தொட்ட குதிரை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடை ஏறிப் பழக்கம் இல்லை. எங்க வீட்டுல காலேஜ் முடிச்ச முதல் ஆள் நான்தான், அதனால பேசச் சொல்லிட்டாங்க... உளறினா பொறுத்துக்கங்க. நாளைக்குக் காலையில செஸ் போட்டியோட முதல் சுற்று. அதுக்கு முன்னாடி, போன வருஷம் நான் பார்த்த ஒண்ணைக் கதை மாதிரி சொல்லிடறேன்.

மாவட்ட அணித் தேர்வு, கடைசி ஆட்டம். ஒரு பக்கம் சகாயராணி, ரேட்டிங் ஆயிரத்து ஐநூறு. எதிர்ல ஜெகதீசன் சார், பேங்க் மேனேஜர், ஆயிரத்து எண்ணூறு. அவ டிரா பண்ணினாலே அணியில இடம். தோத்தா இல்லை. பக்கத்து மேசையில நான்.

சார் குதிரையைத் தொட்டார். தொட்ட காயைத்தான் நகர்த்தணும், இல்லையா? ஆனா குதிரை நகர்ந்தா அவரோட யானை போயிடும். ஒரு நொடி... கையை எடுத்தார். ராஜாவை நகர்த்திட்டு, கடிகாரத்தை அமுக்கினார்.

நான் பார்த்தேன். அவளும் பார்த்தா. அடுத்தவங்க ஆட்டத்துல நான் வாய் திறக்கக் கூடாது. அவ திறக்கலாம். எது வரைக்கும்? தன் காயைத் தொடுற வரைக்கும். தொட்டுட்டா அந்த உரிமை போச்சு.

அவ நேரம் ஓடுது... நடுவரைக் கூப்பிட கை பாதி மேல போச்சு. அந்தக் கையாலயே காதோரம் முடியை ஒதுக்கிக்கிட்டா. அவ்வளவுதான். என்ன பயம்? சார் இல்லைன்னு சொல்லிட்டா? ஹால்ல இருக்கற நூறு தலையும் திரும்பினா? தோக்கற பயத்துல பொய் சொல்றான்னு பேசினா? ஆறு நிமிஷம் போச்சு. தன் சிப்பாயைத் தொட்டா.

தோத்துட்டா.

கை குலுக்கும்போது சார் மெதுவா சொன்னார்: "நீ கேப்பேன்னு நெனச்சேம்மா. கேட்டிருந்தா குதிரையைத்தான் ஆடியிருப்பேன்."

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "சாரி சார்."

யார் யாருகிட்ட மன்னிப்புக் கேட்டது, பாருங்க...

தங்கச்சிங்களா, அந்த மேசையில நாம பேசாம இருந்தா, ஒத்துக்கிட்டோம்னுதான் கணக்கு. எதிர்ல இருக்கறவர் நல்லவரா இல்லையாங்கறதுகூட கேட்டாத்தான் தெரியும். பயம் போகட்டும்னு காத்திருக்காதீங்க. அது போகாது. பயத்தோடவே கேளுங்க.

இன்னொண்ணு இருக்கு. சொல்லலாமா வேண்டாமான்னு இவ்வளவு நேரம் தயங்கினேன்... நடுவர் ஐயாமாரே, நாளைக்கு ஒரு பொண்ணு கூப்பிட்டா, தூரத்துல இருந்தே "என்னம்மா பிரச்சனை"ன்னு சத்தமா கேக்காதீங்க. மேசைக்குப் பக்கத்துல வந்து, குனிஞ்சு, அவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி கேளுங்க.