குளிர ஒரு மணி நேரம்

இந்த ஸ்டேஷன் வாசலில் இருக்கிற குடிதண்ணீர்த் தொட்டி நான் கொடுத்தது, மேடம். ‘உபயம்: செங்கல்வராயன் ஸ்டீல்ஸ்’ என்று எழுதியிருக்கும். உப்புக்காற்றில் எழுத்து மங்கிவிட்டது. பெயிண்டரை அனுப்பி வைக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். செங்கல்பட்டிலிருந்து வந்து இந்தக் கடற்கரை ஊரில் கம்பி, சிமெண்ட் கடை போட்டவன் நான். பிறகு வியாபாரிகள் சங்கத் தலைவர். இப்போது ஏழு வருடமாகப் பேரூராட்சித் தலைவர். மேடை போட்டுப் பேசி வந்த பதவி இல்லை இது. ஊரில் யார் செத்தாலும் உடலை வைக்க என் ஐஸ் பெட்டி இலவசமாகப் போகும். மூடியில் என் பெயர், பக்கத்தில் என் படம். காலனி, கோயில் தெரு என்று நான் பார்த்ததே இல்லை. அழ வந்த அத்தனை பேரும் என் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அதில் ஒரு தொழில் சுத்தம் இருக்கிறது. வெறும் பெட்டியை முதலிலேயே கரண்டில் போட்டுவிட வேண்டும். குளிர ஒரு மணி நேரம் ஆகும். வாடகைக்கு விடுகிறவர்கள் இதைச் செய்வதில்லை. என் பெட்டியில் ஒருநாளும் வாடை வந்ததில்லை.

பஸ் ஸ்டாண்டு பின்னால் நான் கட்டுகிற கடைகளுக்கு நடுவே, காலனிக்காரர்கள் கல்லறைக்குப் போகிற பாதை வந்தது. அடைத்து மதில் எழுப்பினேன். சுற்றிப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர். செத்தவனுக்கு என்ன அவசரம்?

அவசரமெல்லாம் கிருபாகரனுக்குத்தான். காலனியின் கவுன்சிலர், வயரிங் வேலை பார்க்கிறவன். கடைக்கே வந்து எல்லார் எதிரிலும் கேட்டான்.

“பெட்டிய குட்த்துட்டு பாதைய புடுங்கிக்கினியே தலைவரே, இன்னா நாயம் இது? அந்தப் பாதையே இல்லன்னு நீ கையெழுத்துப் போட்ட பேப்பர் என்கைல கீது. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கப்போறேன்.”

அந்தப் பேப்பர் கலெக்டரிடம் போனால் என் பதவி போகும். பதவி போனால் நான் வெறும் கம்பி விற்கிறவன். இந்த ஊருக்கு அது தாங்காது, மேடம்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மேல் அவன் கிளம்புவான் என்று தெரியும். ஏரிக்கரை வளைவில் என் குடோன் லாரி நின்றது. ஓட்டியவனைக் குறை சொல்லாதீர்கள், நான் சொன்னதைச் செய்தான். ஒன்பது மணிக்கே, பெட்டி வண்டி ஓட்டுகிற சின்னராசுவைக் கூப்பிட்டு, கிருபாகரன் வீட்டில் இறக்கிக் கரண்டில் போடச் சொன்னேன். அது பழக்கம். சாலையில் செத்தால் பிரேதப் பரிசோதனை உண்டு, உடல் மறுநாள்தான் வரும் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் பழக்கமெல்லாம் வீட்டில் செத்தவர்களோடுதான்.

பெட்டி போனபோது அவன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தானாம்.

“இன்னா சின்னராசு, அட்ரஸ் மாறி வந்துக்கினியா? நான் இன்னும் உசுரோடதான் கீறேன்” என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்திருக்கிறான். சின்னராசு குழம்பிப்போய் எனக்குப் போன் செய்தான். அங்கேயே இரு, ப்ளக்கை மட்டும் பிடுங்காதே என்றேன்.

பத்து மணிக்கு முன்பே லாரி அவன்மேல் ஏறிவிட்டது. ஏற்றச் சொன்னது நான்தான்.

செய்தி வந்ததும் அவன் மனைவி ரெபேக்காள் அழவில்லையாம். குளிர்ந்துகொண்டிருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். பிறகு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். புத்திசாலிப் பெண், அதை நான் மறுக்கவில்லை. மதிலை இடித்து அந்த வழியாகத்தான் அவனைத் தூக்கிப் போனார்கள். இடிக்கட்டும். செங்கல் என் கடையிலேயே கிடைக்கும்.

ஆனால் உடல் வந்ததும் அவள் செய்ததைக் கேளுங்கள். ஜில்லென்று தயாராக இருந்த என் பெட்டியைத் தெருவில் தள்ளிவிட்டு, மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியை வாங்கிவந்து அவனைச் சுற்றி அடுக்கினாள். வெயில் நேரம். சாயங்காலத்துக்குள் என்ன ஆகியிருக்கும்? ஏழு வருடத்தில் என் பெட்டியை வேண்டாம் என்று சொன்னவர்கள் ஒருவர்கூட இல்லை.

கொலையை ஒப்புக்கொள்கிறேன், மேடம். இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.