மெடலும் மண்ணீரலும்

— நாக்கை நீட்டு, குலசிங்கம். இன்னும். ம்ம்... ஓரமெல்லாம் பல்லு அடையாளம். மேல வெள்ளை.

— லியூ அண்ணை, நீங்கள் சைக்கிளில சீலை மூட்டை கட்டி விக்கிற ஆள். என்ர நாக்கில என்னத்தைப் பாக்கிறீங்கள்?

— சீலை வயித்துக்கு. வைத்தியம் சீனாவில அப்பாட்டப் படிச்சது. வாயை மூடு. வலக்கை தா.

— நீட்டச் சொல்லுறார், மூடச் சொல்லுறார். கனகம், இந்த மனிசனை ஏன் கூப்பிட்டனீ?

— பகிடியை விடுங்கோ! அண்ணை, யப்பான்காரன் குண்டு போட்ட நாளில இருந்து இவருக்குச் சோறு செமிக்குதில்லை. ரெண்டு மாசம். இஞ்சி, ஓமம், எல்லாம் குடுத்துப் பாத்திட்டன். நாளைக்கு அம்மன் கோயிலடியில நேவித் துரை இவருக்கு மெடல் குத்தப் போறார். சல்லி ஊர் முழுக்கத் திரளும். அந்த நேரம் பாத்து இவர் சத்தி எடுத்தா என்ர மானம் என்னத்துக்காகும்?

— மெள்ள, தங்கச்சி, மெள்ள. வயிறு சட்டி. மண்ணீரல் அடுப்பு. அடுப்பு எரியாட்டி சட்டியில போட்டது வேகாது. கிடந்து ஊதும்.

— அடுப்பு ஏன் அணைஞ்சது? நான் குடுக்கிற பழஞ்சோத்தாலயோ?

— பழஞ்சோறு குளிர். இளநியும் குளிர். இனி வேண்டாம். சூட்டுக் கஞ்சி, காஞ்ச தோடம்பழத் தோல் அவிச்ச தண்ணி. ஆனா பொறு... நாடியில என்ர நடுவிரலுக்குக் கீழ மண்ணீரல் பேசும். பேச்சே இல்லை. இடக்கை தா. இதில கல்லீரல். ஐயோ, மீன் கொழுவின தூண்டில் நூல் மாதிரி விறைப்பு!

— அப்பிடியெண்டா?

— யோசினை. எங்கட வைத்தியத்தில, ஒண்டையே நினைச்சு நினைச்சு இருந்தா மண்ணீரலில முடிச்சு விழும். என்ன யோசிக்கிறாய், குலசிங்கம்?

— இவருக்கென்ன யோசினை! பிளேனோட கடலில விழுந்த வெள்ளைக்காரனை, எரியிற எண்ணெய்க்குள்ள வள்ளம் வலிச்சுப் போய்த் தூக்கி வந்த சிங்கமெல்லோ! நிலாவெளி வரைக்கும் இவற்ற கதைதான்.

— கனகம், சும்மா இரு.

— ஏன் இருக்க வேணும்? என்ர புருசன்ர பெருமையை நான் கதையாமல் ஆர் கதைக்கிறது?

— தங்கச்சி கதைக்கக் கதைக்க நூல் இன்னும் இறுகுது, குலசிங்கம்.

— அண்ணை... அண்டைக்கு நான் வள்ளத்தில ஏறேல்லை.

— ஐயோ, வாயை மூடுங்கோ!

— ரெண்டு மாசமா மூடினதுதான் இப்ப வயித்துக்குள்ள கிடக்குது. குண்டுச் சத்தம் கேட்டு மணலுக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கொண்டு கிடந்தனான். எழும்பிப் பாக்கேக்க வள்ளம் கரைக்கு வருது.

— அப்ப வள்ளத்தில ஆர்?

— ஆராயிருந்தா என்ன, அண்ணை? நான் காய்ச்சி வைச்ச கஞ்சி ஆறுது.

— தங்கச்சி, உன்ர கை தா.

— எனக்கொரு வருத்தமும் இல்லை.

— தெரியுது. நல்ல பலமான நாடி. உள்ளங்கையில ஏன் இவ்வளவு பெரிய தழும்பு?

— அது... குசினி அடுப்பில சுட்டது.

— குசினியோ! எரிஞ்ச பிளேன் தகட்டைக் கையால விலத்தி அவனை இழுத்தவள், அண்ணை. துரை வந்து “ஆர் காப்பாத்தினது?” எண்டு கேக்க, தனக்காக என்னைக் கதைக்கச் சொல்லிக் கை காட்டினாள். துரை நான்தான் ஆளெண்டு எழுதிப்போட்டார். நானும் பேசாமல் நிண்டிட்டன்.

— புருசன் பக்கத்தில நிக்கேக்க பொம்பிளை துரையோட முந்திக் கதைக்கிறதோ?

— நாளைக்கு நான் கதைக்கிறன். உன்ர பேரைச் சொல்லித்தான் கதைக்கப் போறன்.

— ஊர் உங்களைப் பாத்துச் சிரிக்கும்!

— சிரிக்கட்டும். மெடல் வாங்கினவளின்ர புருசன் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிப்பன். எங்க அந்தக் கஞ்சி? எனக்குப் பசிக்குது.

— பசிக்குதோ? உண்மையாவோ?... லியூ அண்ணை, அந்த மூட்டையை ஒருக்கா அவிழுங்கோ. மெடல் குத்தினா எடுப்பாத் தெரியிற மாதிரி ஒரு சிவப்புச் சீலை பாருங்கோ.